கோட்டை, கோயில், காப்பகம்

1

செஞ்சியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் சுவர்களின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியின் 1943-ம் வருஷத்து நூல் இந்த வகையில் முன்னோடி, இன்றும் நம்பத்தக்கது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்து ஓடும் மதில் யாரை வெளியே நிறுத்தியது, யாரிடம் தோற்றது என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் கதை. ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படையைக் காக்கவைத்த மதில் அது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதும் சேர்ந்தது அந்த மதில்தான். சுவருக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் நமக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கெஜட்டீர்க்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். 1750-ல் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்த இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பத்துச் சொச்சம் வருஷங்களில் அவர்களுடைய ஐரோப்பியச் சிப்பாய்கள் 1,200 பேர் இங்கே மாண்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்களைக் கொன்றது ஜுரம். கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்குப் பேர். ஏற முடியாத குன்று, மூன்று அடுக்கு வாசல், அகழி எல்லாம் இருந்தும் உள்ளே இருந்தவனுக்குப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு என்பதைச் சுவராகவே கற்பனை செய்து பழகிய மனம் இந்த 1,200 பேரை ஒரு அடிக்குறிப்பாகக் கடந்துபோய்விடுகிறது.

இன்னொன்றும் செஞ்சியில் இருக்கிறது. கீழ்க்கோட்டையில் சக்கரக்குளத்துக்கு அப்பால் ஒரு பெரும்பாறை. அதன் நடுவில் இயற்கையாக விழுந்த ஒரு துளை. அடிப்பக்கத்தை அடைத்து, மேலே செங்கல் கட்டி, பார்த்தால் கிணறு போலாக்கியிருக்கிறார்கள். கைதிக் கிணறு என்கிறார்கள். தண்டிக்கப்பட்டவனை உள்ளே போட்டுவிட்டுப் போய்விடுவது; பசி மீதியைப் பார்த்துக்கொள்ளும். இது வழிவழியாக வரும் கதை. இப்படி ஒரு தண்டனை உண்மையில் நடந்ததோ இல்லையோ, இப்படி ஒரு தண்டனையை மக்கள் நினைத்துப் பார்த்து, ஒரு பாறைக்கு அந்தப் பெயரை வைத்து, இத்தனை காலம் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரும் கையை ஓங்க வேண்டாத ஒரு கொலை. ஊர் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கோட்டையின் சரித்திரத்தில் இந்த இரண்டு விஷயங்களையும் நான் எடுத்துக்கொள்வது, தீவிர மனநோய் கண்டவர்களை நம் பிரதேசம் எப்படி வைத்திருந்தது என்று யோசிப்பதற்காக. ‘பொதுமக்கள் பாதுகாப்பு’ என்ற சொற்றொடர் வந்துவிட்டால் இந்த விஷயத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்ற கேள்வி எழுவதில்லை. பழைய தென்னார்க்காட்டின் எல்லைக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு வேறு வேறு காலத்தில் வேறு வேறு பதில்கள் இருந்திருக்கின்றன.

2

திருவெண்ணெய்நல்லூர் இந்த ஜில்லாதான். சுந்தரரின் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து ‘இவன் எனக்கு அடிமை’ என்கிறார். மாப்பிள்ளை அவரைப் பித்தன் என்கிறான். சபையில் ஒழுங்கைக் குலைப்பவனுக்கு நாம் முதலில் கொடுக்கும் பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. கிழவரைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதில் ஊர்ச்சபை கூடுகிறது, மூல ஓலையைக் கேட்கிறது, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது, பித்தன் எனப்பட்டவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வசவாக வந்த வார்த்தையே பிறகு தேவாரத்தில் விளியாகிறது. பக்திக் கதையாக மட்டும் இதைப் படித்தவர்களுக்கு அதில் உள்ள நியாய விசாரணை கண்ணில் படுவதில்லை. பித்தன் என்று சொல்லிவிட்டதாலேயே ஒருவன் சொல்வது செல்லாமல் போய்விடாது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு தமிழ் நூல் எழுதி வைத்திருக்கிறது.

செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலின் ஸ்தலபுராணம் நேராகவே பித்தைப் பற்றியது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. கிடைக்கும் பிச்சை அத்தனையையும் கபாலமே தின்றுவிடுகிறது. பசியும் பித்துமாக மயானம் மயானமாக அலைகிறவனை அங்காளம்மன் இந்த ஊரில் குணப்படுத்துகிறாள். சோற்றை உருட்டி முதலில் கபாலத்துக்குப் போடுகிறாள், பிறகு தரையில் இறைக்கிறாள், தின்பதற்காகக் கபாலம் கையை விட்டு இறங்குகிறது, காலால் மிதித்துவிடுகிறாள். மாசி மயானக் கொள்ளை இதை வருஷந்தோறும் நடத்திக் காட்டுகிறது. பூஜை பருவதராஜ குலத்தாருடையது. அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் பேய் பிடித்ததாகவும் புத்தி பேதலித்ததாகவும் கூட்டிவரப்படுகிறவர்கள் எப்போதும் உண்டு.

இந்தச் சடங்கின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆபத்து ஆளிடம் இல்லை, ஆளைப் பற்றியிருப்பதிடம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட முடியும். தென்னார்க்காட்டில் களப்பணி செய்து 2000-ல் ஒரு நூல் வெளியிட்ட இஸபெல் நபகோவ், பேயோட்டும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். பேயைப் பேசவைத்து, பெயர் கேட்டு, அதன் குறையைச் சொல்ல வைத்து, கற்றை மயிரை அறுத்து மரத்தில் ஆணியடிப்பது வரை அது ஒரு ஒழுங்கான வழக்கு விசாரணை மாதிரி போகிறது. அவருடைய முக்கியமான அவதானம் வேறு. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இளம் மனைவிகள்; பிடித்திருப்பது ஆசை தீராமல் அகாலத்தில் செத்த ஆண். பேயை ஓட்டி முடித்ததும் பெண் எந்த வீட்டிலிருந்து ஓடப் பார்த்தாளோ அந்த வீட்டுக்கே மனைவியாகத் திருப்பி அனுப்பப்படுகிறாள். கோயில் அவளுக்கு ஒரு மொழியைக் கொடுத்தது நிஜம். ஆனால் அந்த மொழியில் அவள் சொன்னதைக் கோயில் கேட்டுக்கொண்டதா என்பது சந்தேகம்.

பழைய ஊர் பித்தரை அரவணைத்தது என்று பேச ஆரம்பிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையில் 1929 வரை வாழ்ந்த சேஷாத்ரி சுவாமிகள் கடைக்குள் புகுந்து சாமானை வாரி இறைப்பார். இன்று வியாபாரம் நன்றாக நடக்கும் என்று கடைக்காரர் சந்தோஷப்படுவார். ஒரு ஊர் இவ்வளவு தூரம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது பெரிய விஷயம். ஆனால் அவர் சாஸ்திரம் படித்த பிராமணர். குடும்பமும் ஊரும் தெரிந்தவர். அதே கடைக்குள் அதே காரியத்தைச் செய்யும் ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராஜா தேசிங்கு 1714-ல் கைப்பிடி ஆட்களோடு ஆற்காட்டு நவாப் படையின் மேல் குதிரையை விட்டுச் செத்தான். எந்தக் கதைப்பாடலும் அவனைக் கிறுக்கன் என்று சொல்லவில்லை. பித்து என்ற சொல்லை யார் மேல் வைப்பது, யார் மேல் வைக்காமல் இருப்பது என்பதில் சாதியும் சொத்தும் எப்போதும் வேலை செய்திருக்கின்றன.

3

வெள்ளைக்காரன் சட்டம் வேறு தளத்தில் பதில் சொல்லிற்று. 1858-ம் வருஷத்து 36-வது சட்டம், ஊர் சுற்றும் பித்தர்களையும் ஆபத்தானவர் என்று நம்பப்படுகிறவர்களையும் பிடித்து மாஜிஸ்டிரேட் முன் நிறுத்துவதைப் போலீஸின் கடமையாக்கியது. 1912-ம் வருஷத்துச் சட்டம் அதைச் சில மாற்றங்களோடு தொடர்ந்தது. அலைதல், ஆபத்து என்ற இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதைக் கவனிக்க வேண்டும். அங்காளம்மன் கதையில் அலைகிறவன் பரிதாபத்துக்குரியவன், அவனுக்குச் சோறு போட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அலைவதே ஒரு புகார். தென்னார்க்காட்டில் இப்படிப் பிடிபட்டவனின் பாதை சென்னையில் முடிந்தது. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற டாக்டர் தொடங்கிய விடுதியின் வழிவந்ததாக, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி அது. 1922-ல் பெயரை மாற்றி மனநல மருத்துவமனை என்றார்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் தமிழில் ஒரு கேலிச்சொல்லானது மட்டும் மாறவில்லை.

இங்கே நம் சிறுபத்திரிகை உலகத்தில் வழக்கமாக வரும் ஒரு வாதத்தோடு எனக்குப் பிணக்கு இருக்கிறது. ஃபூக்கோவின் 1961-ம் வருஷத்து நூலை, பெரும்பாலும் அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை, படித்துவிட்டு, நவீன அரசு பித்தர்களை மொத்தமாகச் சிறைபிடித்தது, பகுத்தறிவு பித்தின் வாயை அடைத்தது என்று எழுதுகிறோம். 1656-ல் பாரிஸில் பொது மருத்துவமனை என்ற பெயரில் நடந்த அடைப்பைப் பற்றி அது எவ்வளவு உண்மையோ எனக்குச் சொல்லத் தெரியாது. ஐரோப்பியச் சரித்திரக்காரர்களே அதில் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது முழு இந்தியாவுக்கும் மனநோய் மருத்துவமனைகள் 19. படுக்கைகள் பத்தாயிரம் சொச்சம். முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனத்தொகைக்கு இதுதான். இங்கே மகா அடைப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. போலீஸ் பிடித்த சிலரைத் தவிர மற்ற எல்லோரையும் அரசு பார்க்கவே இல்லை. நம் சரித்திரத்தில் விலங்கு பூட்டியவர்கள் வேறு ஆட்கள்.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் ஒரே நிறத்தில் பேச முடியாது. 1952-ல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தின் பலன் தெரிந்த பிறகு உலகம் முழுவதும் பூட்டின் அவசியம் குறைந்தது. 1961-லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் வெளிநோயாளர் சிகிச்சையையும் தொழில் பயிற்சியையும் வளர்த்தார். 1984-ல் ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் கீழ்ப்பாக்கம் செஞ்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். மாசாமாசம் ஒரு நாள் கூலியையும் துணைக்கு வருகிறவரின் கூலியையும் இழந்து பஸ் ஏறி மாத்திரை வாங்கிவருவது என்பது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆறு மாசம் தாங்கும். பிறகு மாத்திரை நின்றுவிடும், நோய் திரும்பும், ஊர் பயப்படும். 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வில் கடும் மனநோய் கண்டவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சிகிச்சையில் இல்லை என்று தெரிந்தது. நாம் ‘ஆபத்து’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தூரத்தில் உண்டாவது.

4

கோயிலுக்கும் அரசுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் காப்பகம் முளைத்தது.

ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் மனநோய் கண்டவர்களைக் கூட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். கனவில் உத்தரவு கிடைத்தால்தான் திரும்பலாம் என்பது நம்பிக்கை. உத்தரவு வரத் தாமதமாகும். உறவினர் வயலைப் பார்க்க ஊர் திரும்ப வேண்டும். அப்போது ஒருவர் வந்து, ‘நான் பார்த்துக்கொள்கிறேன், மாசம் இவ்வளவு கொடுங்கள்’ என்கிறார். தர்காவைச் சுற்றி இப்படி உண்டான விடுதிகளில் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை அதன் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் இருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். ஓடக்கூடாது, ஊருக்குத் தொந்தரவு கூடாது, அவர்களுக்கே காயம் படக்கூடாது என்பதற்காகப் போட்ட சங்கிலி அது. பாதுகாப்பு ஏற்பாடு முழுதாக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். ஒருவரும் தெருவுக்கு வந்து யாருக்கும் தொந்தரவு தரவில்லை.

மனநல சிகிச்சை நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சொன்ன 1987-ம் வருஷத்துச் சட்டம் அமலில் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ராமதாஸ் கமிஷன் விசாரித்தது. ஒரே வாரத்தில் ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டன. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அரசுப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். பத்திரிகைகள் மூடநம்பிக்கையைக் கண்டித்தன. நம்மிலும் பலர் கண்டித்தோம். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் ரகுராமும் அவரது சகாக்களும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் உறவினரோடு வந்து தங்கிய 31 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், மருந்து இல்லாமலே நோயின் அளவு சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆய்வு சிறியது, ஒப்பிட வேறு குழு இல்லை. இதை வைத்துக்கொண்டு கோயிலே போதும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கோயிலுக்கும் ஏர்வாடி விடுதிக்கும் உள்ள வித்தியாசம் நம்பிக்கையில் இல்லை என்பது தெரிகிறது. அங்கே உறவினர் ஒருவர் கூடவே தங்கினார், செய்ய வேலை இருந்தது, கதவு திறந்திருந்தது. ஏர்வாடி விடுதியில் உறவின் இடத்தில் மாசச் சந்தா இருந்தது.

திருச்சிப் பக்கம் குணசீலத்தில் ஏர்வாடிக்குப் பிறகு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரும் கோயிலோடு சேர்ந்ததும், ஏர்வாடியிலேயே பிரார்த்தனையும் மருந்தும் அடுத்தடுத்துக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ததும் இந்த வித்தியாசத்தை உணர்ந்த காரியங்கள்.

எல்லோரும் உணரவில்லை. 2023 பிப்ரவரியில் செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று உயர்நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுதான் கதவைத் திறந்தது. உரிய அனுமதி இல்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து 140-க்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். மனநோய் கண்டவர்கள், ஆதரவற்றவர்கள், தெருவில் கிடந்தவர்கள். அடி, சங்கிலி, பெண்கள் மேல் பாலியல் வன்முறை என்று புகார்கள் வந்தன, நடத்தியவர்களும் ஊழியர்களும் கைதானார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. குற்றம் எது, யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். குற்றம் என்று எதுவும் நிரூபணமாகாவிட்டாலும் மிஞ்சும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒருவர் காணாமல் போனது தெரிய வெளியிலிருந்து ஒரு ஆள் அவரைத் தேட வேண்டியிருந்தது. தேட ஆள் இல்லாத மற்றவர்களுடைய கணக்கு காப்பகத்தின் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தெருவிலிருந்து ஆள் அகன்றதும் தெரு நிம்மதியடைந்தது. எங்கே போனார் என்று தெரு கேட்கவில்லை. கைதிக் கிணற்றுக்கு ஒரு பாறை தேவைப்பட்ட காலம் போய்விட்டது.

5

எதிர்த் தரப்பின் வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்க முடியாது. சிகிச்சை இல்லாத கடும் மனநோயில் சில சமயம் வன்முறை வரும். அது பெரும்பாலும் முகம் தெரியாத பாதசாரி மேல் விழுவதில்லை; சோறு போடும் தாய் மேல், கூடப் படுக்கும் மனைவி மேல் விழுகிறது. இரவில் அரிவாளையும் கத்தியையும் ஒளித்து வைத்துவிட்டுத் தூங்கும் ஒரு அம்மாவிடம் போய், பித்து என்பது மாற்றுப் பிரக்ஞை என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அவள் பிள்ளையைச் சங்கிலியில் கட்டினால் அதைக் கொடுமை என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதும் சரியில்லை. அவளுக்கு வேறு எதையும் நாம் கொடுக்கவில்லை.

அதே சமயம் இதன் மறுபக்கத்தின் கனம் அதிகம். மனநோய் கண்டவர்கள் செய்யும் வன்முறையைவிட அவர்கள் மேல் நடக்கும் வன்முறை பல மடங்கு என்று உலகம் முழுவதும் ஆய்வுகள் சொல்கின்றன. தெருவில் அலையும் பெண்ணின் நிலையைச் சொல்ல ஆய்வுகூட வேண்டாம். 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் பானியன் என்ற அமைப்பைத் தொடங்கியது அப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான். கதவைத் திறந்துவிடுவது மட்டும் விடுதலை ஆகிவிடாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1955-ல் அங்கே அரசு மனநோய் விடுதிகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். விடுதிகளைக் காலி செய்தார்கள். ஊரில் அவர்களுக்கு வேண்டியதைக் கட்டவில்லை. பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியில் 1978-ல் பசாலியா இயக்கம் கொண்டுவந்த 180-வது சட்டம் புதிய சேர்க்கையை நிறுத்தியதோடு, ஊருக்குள் மனநல மையங்கள் வேண்டும் என்றும் சொன்னது. அப்படிக் கட்டிய த்ரியெஸ்தே போன்ற ஊர்களில்தான் அது பலித்தது.

நம் சட்டம் வார்த்தையளவில் முன்னேறியிருக்கிறது. வார்த்தை நமக்குத் தொழில் என்பதால் இதைச் சொல்கிறேன். 1858-ல் போலீஸ்காரன் அலைகிறவனைப் ‘பிடிக்க’ வேண்டும். 2018-ல் அமலுக்கு வந்த 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவில் அவன் அவரைத் தன் ‘பாதுகாப்பில்’ எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 95-வது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. பாதுகாப்பு என்ற சொல் 160 வருஷத்தில் ஊரின் பக்கத்திலிருந்து நோயாளியின் பக்கத்துக்கு வந்திருக்கிறது. குண்டலப்புலியூர் இந்தச் சட்டம் வந்து ஐந்து வருஷம் ஆகப்போகும்போது வெளியே தெரிந்தது என்பதும் சேர்த்து எழுதப்பட வேண்டியது.

தமிழில் ‘காப்பு’ என்றால் காவல். திருவிழா ஆரம்பத்தில் கட்டுவதும் காப்பு. குழந்தையின் கையில் போடுவதும் காப்பு. காப்பகம் என்ற சொல்லை நாம் அதிலிருந்து உண்டாக்கினோம். கட்டுவது, காவல் காப்பது, கண்போல் பார்ப்பது என்ற மூன்று காரியத்தையும் ஒரே சொல் செய்ததால், மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் நடந்தபோது நமக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

நவீனத்துவக்காரர்களான நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழ் நவீனத்துவத்தின் மூலவர் தன் புனைபெயரிலேயே பித்தனை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பைத்தியக்காரன் நம் கவிதையில் தீர்க்கதரிசி, கதையில் உண்மை பேசும் கோமாளி, விமர்சனத்தில் பகுத்தறிவின் எதிரி. இந்தப் படிமத்தில் மாத்திரை இல்லை, பஸ் சார்ஜ் இல்லை, அரிவாளை ஒளித்து வைக்கும் அம்மா இல்லை. ஊர் அவனைக் கிறுக்கன் என்று விலக்கியது. நாம் ஞானி என்று விலக்கினோம். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை செய்த காரியத்தை இரண்டு தரப்பும் செய்யவில்லை. அந்தச் சபை அவரை உட்காரவைத்து, என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டது. சொன்னதை ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தது.

1996-ல் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகத் தாலுக்கா மருத்துவமனையில் குறித்த நாளில் ஒரு டாக்டர், நிற்காமல் கிடைக்கும் மாத்திரை, மாத்திரை நின்றால் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஒரு ஆள்: இவ்வளவுதான் இன்று செஞ்சியின் பாதுகாப்பு. இப்படி வீடு தேடிப் போகும் ஊழியர்களால் ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளின் முடக்கம் ஓரளவு குறைகிறது என்று கோவா, சதாரா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் நடந்து 2014-ல் லான்ஸெட்டில் வந்த ஆய்வு சொல்கிறது. பெரிய அற்புதம் இல்லை, ஓரளவுதான். பிரெஞ்சுக்காரனின் சிப்பாய்கள் 1,200 பேரை அந்த மதில் காப்பாற்றவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜுரத்துக்கு மருந்தும் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆளும்.